கை ஓயும் முன்னே!



உங்கள் இல்லத்தில் எழுபது வயதைக் கடந்த உம்மாவோ, மாமியோ, பெரியம்மாவோ இருக்கின்றாரா? அல்லது நீங்களே அந்த வயதின் வாசலில் வந்து நிற்கின்றீர்களா? இரண்டில் எதுவாயினும் சற்று நேரம் என்னுடன் அமருங்கள். பேச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் வீடுகளில் எல்லோர் மனத்திலும் இருந்தும் எவர் வாயிலும் வராத செய்தி அது.

எனக்கு இப்போது 71 வயது. காயல்பட்டினத்தில், என் உம்மா வாழ்ந்து மறைந்த அதே வீட்டில் வாழ்ந்து வருகிறேன். இரத்தினக்கல் வியாபாரம் செய்த என் கணவர் மர்ஹூமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகள் சென்னையில், மகன் துபாயில், இளைய மகள் லண்டனில். மூவரும் அன்புள்ள பிள்ளைகளே. அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், இரவு பத்து மணிக்கு முன்கதவைத் தாழிடுகின்ற கை என்னுடைய ஒரு கை மட்டுந்தான்.

வெயில் ஊரில் கம்பளி நூல்

ஸுப்ஹு தொழுகைக்குப் பின் சிறிது நேரம் ஓதுவேன். பின்னர் தேநீர். அதன்பின் முற்றத்துத் தூணருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ஊசிகளையும் ஓர் உருண்டை கம்பளி நூலையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். லுஹர் வரை வீட்டு வேலை. உண்ட பின் சிறு உறக்கம். அஸர் தொழுதபின் மீண்டும் ஊசி. மஃரிப் பாங்கு கேட்டவுடன் எந்த வரிசையில் இருந்தாலும் அதை முடித்துச் சுருட்டி வைத்துவிடுவேன். விளக்கு வெளிச்சத்தில் கருநிற நூலைப் பின்னக் கண் இடங்கொடுப்பதில்லை.

“இந்த வெயிலில் கம்பளியா?” என்று அண்டை வீட்டார் சிரிக்கின்றனர். சிரிக்கத்தக்கதுதான். தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊரொன்றில் ஸ்வெட்டர் அணிவார் யார்? ஆனால் லண்டனிலே என் ஆறு வயதுப் பேரன் அணிகின்றான். அவன் மார்பின் சுற்றளவையும், கையின் நீளத்தையும் மகள் தொலைபேசியில் கூற, நான் ஒரு பழைய நாட்குறிப்பில் குறித்துக்கொள்கிறேன். அவன் வளர்ந்துகொண்டே போகிறான். என் கையோ வர வரத் தாமதமாகின்றது. எனவே சொல்லப்பட்ட அளவைவிட இரண்டு அங்குலம் கூட்டியே பின்னுகிறேன்.

இந்தக் கலை எனக்கு இருவழியில் வந்தது. பருத்தி நூலில் ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுகின்ற குரோஷா வேலையை உம்மாவிடம் கற்றேன். தொழுகைத் தொப்பி, மேசை விரிப்பு, கதவுத் திரை என்று உம்மாவின் கைப்படாத பொருள் எங்கள் வீட்டில் இல்லை. இரட்டை ஊசியில் கம்பளி பின்னும் வேலையை 1978-இல் கற்றேன். வியாபாரத்தின் பொருட்டு இரண்டாண்டுகள் குன்னூரில் குடியிருந்தபோது, குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக்கிடந்த எனக்கு அடுத்த வீட்டு அம்மையார் கற்றுக்கொடுத்தார். அவர் தமிழ் நன்கு அறியாதவர். எனக்கோ அவர் மொழி தெரியாது. கையைக் கை பார்த்தே கற்றுக்கொண்டது.

நம் முன்னோரின் கைவண்ணம்

பின்னல் வேலை என்றவுடன் அது வெள்ளைக்காரர் நமக்குக் கொண்டுவந்த கலை என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. இரட்டை ஊசிப் பின்னலில் உருவாகி இன்றளவும் அழியாமல் கிடைத்துள்ள மிகப் பழைய பொருள்களுள் முதலிடம் பெறுவன, இஸ்லாமிய எகிப்தில் செய்யப்பட்ட பருத்தி நூல் காலுறைகளாம். ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை அவை. அவுரி நீலமும் வெண்மையும் கலந்து, கூஃபி எழுத்தின் சாயலில் கோலமிட்டுப் பின்னப்பட்டவை. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள துணி அருங்காட்சியகத்தில் இத்தகைய காலுறை பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

ஸ்பெயின் நாட்டில் புர்கோஸ் என்னும் ஊரில் பழைமையான மடாலயம் ஒன்று உண்டு. 1275-இல் இறந்த இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையில், பட்டு நூலால் பின்னப்பட்ட தலையணை உறை ஒன்று கிடைத்தது. இளவரசர் கிறிஸ்தவர், பின்னிய கைகள் முஸ்லிம் கைவினைஞர்களுடையவை. அதன் ஓரத்தில் அரபு எழுத்தில் ‘பரக்கத்’ என்னும் பொருள்படும் சொல் பின்னப்பட்டுள்ளது. பெயர் அறியப்படாத எவரோ ஒருவர் ஒவ்வொரு கண்ணியாக எண்ணி எண்ணி அச்சொல்லைப் பின்னியிருக்கிறார்! ஏழரை நூற்றாண்டுகள் கடந்தும் அது படிக்கக் கூடியதாக இருக்கின்றது. ‘கிழவிக்குப் பொழுது போகவில்லை’ என்று பின்னலைப் பார்த்துக் கூறுவோர் இதனையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கைவேலை தரும் நன்மை

முதுமையின் பெருந்துன்பம் நோய் என்பார்கள். நான் அறிந்தவரையில், நோயைவிடக் கொடியது ‘நம்மால் இனி யாருக்கும் பயனில்லை’ என்னும் எண்ணமே. ஒரு குல்லாய் பின்னி முடித்து, நூலை முடிச்சிட்டுக் கத்தரிக்கும்போது அந்த எண்ணம் அன்றைய பொழுதுக்கேனும் அகன்றுவிடுகின்றது.

இதனை ஆய்வாளர்களும் ஆராய்ந்துள்ளனர். பின்னல் வேலை செய்வோர் 3,545 பேரிடம் பல நாடுகளில் வினாக்கள் கேட்டுத் திரட்டப்பட்ட ஆய்வு ஒன்று 2013-இல் பிரிட்டனில் வெளியாயிற்று. அடிக்கடி பின்னுவோர் மன அமைதியும் மகிழ்ச்சியும் கூடுதலாக உணர்வதாக அதில் கூறினர். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தினர் 70 முதல் 89 வயது வரையிலானோரிடம் நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வாசித்தல், பின்னல் போன்ற பழக்கமுடையோரிடம் தொடக்கநிலை மறதி குறைவாகக் காணப்பட்டது. இதனால், பின்னினால் மறதி வராது என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மனம் தெளிவாக உள்ளவர்களே தொடர்ந்து பின்னுகின்றனர் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா? உம்மா வாழ்நாள் முழுதும் பின்னியவர். அவருக்கும் மறதி வந்தது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

கைவேலையில் ஈடுபடும் மூத்த சகோதரிகளுக்கு அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்கள் மெல்லிய இரும்பு ஊசிகளை விடுத்து, சற்றே பருமனான மூங்கில் ஊசிகளைக் கொள்ளுங்கள். அவை கைக்குக் கனமில்லை, வழுக்குவதும் இல்லை. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். காலையில் விரல் விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் கையை வைத்திருந்து பின் தொடங்குங்கள். விரல் மரத்துப் போனாலோ, இரவில் கை வலித்து உறக்கம் கலைந்தாலோ சில நாள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிர் நிற நூலையே தேர்ந்தெடுங்கள். கண்ணிகள் மங்கித் தெரியத் தொடங்கினால் கண்ணாடியைக் குறை கூறிக்கொண்டிராமல் கண்புரை உள்ளதா என்று பாருங்கள். நூல் உருண்டையை மட்டும் ஒருபோதும் தரையில் உருள விடாதீர்கள். ஏன் என்பதை நான் பட்டே அறிந்தேன்.

அந்த ஒரு மணி நேரம்

சென்ற ஆண்டு ஒருநாள், அஸர் தொழுகைக்கு ஒளூச் செய்ய எழுந்தேன். மடியிலிருந்த நூல் உருண்டை உருண்டோடியதைக் கவனிக்கவில்லை. காலில் நூல் சுற்றியது. தரையில் விழுந்தேன். இடுப்பு எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எழ முடியவில்லை. தொலைபேசி மேசைமேல் இருந்தது. நான் தரைமேல் இருந்தேன். இரண்டுக்கும் இடையே நான்கு முழம். அந்த நான்கு முழத்தைக் கடக்க ஒரு மணி நேரம் முயன்றேன்.

எங்கள் ஊரின் அமைப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும். வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வர ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. அந்த முடுக்கு வழியே, இடியப்பம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் “ராத்தா!” என்று அழைத்து, பதில் கேளாமல் உள்ளே வந்து பார்த்தாள். முடுக்கு என்னைக் காப்பாற்றிற்று என்றே சொல்வேன்.

அன்றிரவு மூன்று நாடுகளிலிருந்து தொலைபேசி ஒலித்தது. “உம்மா, நாளைக்கே சென்னைக்கு வந்துவிடுங்கள், வீட்டைப் பூட்டிவிடுவோம்” என்றாள் மூத்த மகள். “வீட்டோடு தங்க ஓர் ஆள் வையுங்கள், பணம் நான் அனுப்புகிறேன்” என்றான் மகன். “நான் வந்து ஒரு மாதம் இருக்கட்டுமா?” என்று அழுதாள் இளையவள். பின்னர் மூவரும் தமக்குள் பேசிக்கொண்டனர். யார் என்ன செய்தார்கள், யார் செய்யவில்லை என்ற பேச்சு அது. அன்பினால் எழுந்த சண்டை என்றாலும் சண்டை சண்டைதானே! அதனைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. பிள்ளைகள் மூவரும் எனக்காக முடிவு செய்யத் திணறுகின்றனர். ஏனெனில், என் விருப்பம் என்ன என்பதை நான் ஒருநாளும் அவர்களிடம் சொன்னதே இல்லை.

உம்மாவின் கையிலிருந்த நூல்

காயலிலும் கீழக்கரையிலும் பெண் பிள்ளைக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் வழிவழி வந்த வழக்கம். ஆதலால் உம்மாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்வர். முதுமையில் உம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி அக்காலத்தில் எழுந்ததே இல்லை. என் உம்மாவை நான் பார்த்தேன். 1996 முதல் 2002 வரை ஆறு ஆண்டுகள். கடைசி மூன்று ஆண்டுகள் மறதி நோய் முற்றியிருந்தது.

உம்மா எல்லாவற்றையும் மறந்தார். என் பெயரை மறந்தார். உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டார். ஆனால் கை மட்டும் மறக்கவில்லை. கொக்கி ஊசியைக் கொடுத்தால் ஒரு சாண் பின்னுவார், பின் அதனைத் தாமே அவிழ்ப்பார், மீண்டும் பின்னுவார். ஊசி குத்திவிடும் என்று அஞ்சி அதனை எடுத்துவிட்டபின், வெறும் நூலை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓரிரவு இரண்டு மணி இருக்கும். அன்று மட்டும் ஒன்பது முறை என்னை எழுப்பிவிட்டார். வீட்டில் காய்ச்சலாகக் கிடந்த பிள்ளை வேறு. பத்தாவது முறை அழைத்தபோது நான் ஓடிச் சென்று, அவர் கையிலிருந்த நூலைப் பிடுங்கி எறிந்து, “சீ! உறங்கவே விடமாட்டீர்களா?” என்று கத்தினேன். உம்மா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஆசிரியையிடம் அடி வாங்கப்போகும் சிறுமியைப்போல் கைகளை முதுகுக்குப் பின்னே ஒளித்துக்கொண்டார்.

பெற்றோர் முதுமை எய்தும்போது அவர்களிடம் அந்த ஒரு சொல்லையும் சொல்லலாகாது என்பதை ஓதுபள்ளியில் படிக்கும் வயதிலேயே அறிந்தவள் நான். ஆறு ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலசலம் அள்ளியவளும் நானே. காலையில் உம்மா அதை மறந்துவிட்டார். எனக்கு இருபதாண்டுகள் கடந்தும் மறக்கவில்லை.

சகோதரிகளே! இதனை உங்கள் முன் சொல்வது என் பிழையைச் சிறிதாக்க அன்று. ஒரு பெண், தனியாக, இரவும் பகலும், ஓய்வின்றி முதியவரைப் பார்த்தால் என்ன நேரும் என்பதை நீங்கள் அறியவேண்டும் என்பதற்காக. அன்பு இல்லாததால் நான் கத்தவில்லை. உறக்கம் இல்லாததால் கத்தினேன். அந்த ஆறு ஆண்டுகளில் ‘இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உறங்கு’ என்று வாரத்தில் ஒருநாள் ஒருவர் சொல்லியிருந்தால் அச்சொல் என் வாயில் வந்திராது. அத்தகைய ஓரிரவு என் மகளுக்கு என்னால் நேரக்கூடாது. அதற்காகத்தான் கை ஓயும் முன்னே சில முடிவுகளைச் செய்தேன்.

மூன்று கேள்விகள்

எங்கே? யாருடன்? எதைக் கொண்டு? இந்த மூன்றுக்கும் தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே விடை தேடிவிட வேண்டும்.

‘எங்கே’ என்பதற்கு நான் கண்ட விடை இது. என் காலால் நடந்து, என் தேவைகளை நானே செய்துகொள்ளும் வரை இந்த வீட்டில். அதற்கு வீட்டைச் சற்று மாற்றினேன். குளியலறையில் கைப்பிடி பொருத்தி, மேல்நாட்டுக் கழிப்பிடம் வைத்தேன். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு போட்டேன். தொலைபேசியைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே அணிகிறேன். தஸ்பீஹ் மணி ஒரு பக்கம், தொலைபேசி ஒரு பக்கம்!

‘யாருடன்’ என்பதே கடினமான கேள்வி. இரவில் துணைக்குப் படுக்க ஒரு பெண்ணை அமர்த்தியுள்ளேன்; மகன் ஊதியம் தருகிறான். நடக்க இயலாத நிலை வந்தால் சென்னையில் மூத்த மகளிடம் செல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: பகலில் உதவிக்கு ஆள் வைக்க மகன் பொறுப்பு, ஆண்டுக்கு ஒரு மாதம் இளையவள் வந்து என்னைப் பார்க்க, மூத்தவள் ஓய்வு கொள்ள வேண்டும். மூவரும் ஒப்புக்கொண்டனர். வாக்குறுதி நடைமுறையில் எவ்வளவு நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆயினும், சொல்லப்பட்ட பொறுப்பை நினைவூட்டலாம். சொல்லப்படாத பொறுப்பை நினைவூட்ட வழியே இல்லை.

‘எதைக் கொண்டு’ என்பதில் நம் பெண்கள் பெரும்பாலும் ஏமாந்துவிடுகின்றனர். கையெழுத்திடும் முன் சில செய்திகளை அறிந்துகொள்ளுங்கள்.

வீட்டைப் பிள்ளைக்கு ஹிபாவாகக் கொடுப்பதாயின், கொடுப்பதாகச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றல், உடைமையை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் அது முழுமை அடைந்துவிடும். அதன்பின் திரும்பப் பெறுவது எளிதன்று. வஸிய்யத்தோ நம் மரணத்துக்குப் பின்னரே செயல்படும். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டதற்கும், வாரிசுக்கே எழுதப்படுவதற்கும் ஏனைய வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. வருவாய்க் கோட்டாட்சியரைத் தலைவராகக் கொண்ட தீர்ப்பாயத்தில், தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிட இச்சட்டம் இடமளிக்கின்றது. பிள்ளை இல்லாதவர்கள், தம் சொத்துக்கு உரியவராகும் உறவினரிடமிருந்து கோரலாம். இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு முக்கியமானது. ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதனைச் செய்யாவிடில், அந்தக் கொடையைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்பது புலப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. 2025 ஜனவரியில் அளித்த மற்றொரு தீர்ப்பில், அத்தகைய சொத்தின் உடைமையை மூத்தவரிடமே திரும்ப ஒப்படைக்க உத்தரவிடும் அதிகாரமும் தீர்ப்பாயத்திற்கு உண்டு என்றது. ஆகவே, வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். நிபந்தனையை எழுத்தில் வையுங்கள். அது ஹிபாவின் விதிகளோடு பொருந்துமாறு அமைய, வழக்குரைஞர் ஒருவரையும் ஆலிம் ஒருவரையும் ஒருங்கே கலந்து கொள்ளுங்கள்.

பிள்ளைகள்மீது வழக்குத் தொடருங்கள் என்று நான் தூண்டுவதாக எண்ண வேண்டாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதால் வருவோரெல்லாம் திருடர் என்று பொருளாகுமா? அறிவுரை வேண்டுவோர் 14567 என்னும் முதியோர் உதவி எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

மருத்துவச் செலவுக்கு, 70 வயது நிறைந்த எவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்னும் ‘ஆயுஷ்மான்’ திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு நோயாளிகளின் வீட்டிற்கே மருந்து கொண்டு சேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. இவற்றைப் பற்றி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: மருத்துவமனைக் காப்பீடு மருத்துவமனைக்கு மட்டுமே. வீட்டில் நம்மைத் தூக்கி அமர்த்தும் கைக்கு அது ஊதியம் தராது. அதற்கென ஒரு தொகையைத் தனியே வையுங்கள். நகை முழுவதையும் பேத்திகளுக்குப் பங்கிட்டுவிட்டு வெறுங்கையாய் நிற்காதீர்கள்.

ஒரு தாள் எழுதினேன்

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மூன்று படி எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். நான் உண்ணும் மருந்துகள், பார்க்கும் மருத்துவர், வங்கிக் கணக்கு, கொடுக்கல் வாங்கல், அமானிதப் பொருள்கள், விடுபட்ட நோன்புகள் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. எனக்கு மறதி வந்தால் முடிவெடுக்கும் பொறுப்பு மூத்த மகளுக்கு. மற்ற இருவரும் அவளைக் கேள்வி கேட்கலாம், குற்றம் சாட்டக் கூடாது என்றும் எழுதினேன்.

மீளும் நம்பிக்கை அற்ற இறுதிநிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் எழுதினால் போதும் என 2023-இல் அது எளிதாக்கப்பட்டது. இதனை நான் இன்னும் எழுதவில்லை. மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிந்தபின் எழுதலாம் என்றிருக்கிறேன்.

அந்தத் தாளின் கடைசி வரி இது: ‘எனக்கு மறதி வந்தபின் கையில் நூல் கொடுங்கள். ஊசி வேண்டாம், நூல் போதும். நான் எத்தனை முறை அவிழ்த்தாலும் பிடுங்காதீர்கள். கோபம் வந்தால் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.’ இதனைப் படித்துவிட்டு மூத்தவள் தொலைபேசியில் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அன்றிரவு நான் விழித்துத்தான் இருந்தேன் உம்மா” என்றாள். காய்ச்சலாகக் கிடந்த பிள்ளை அவள்தான்.

ஊர் செய்யக்கூடியது

வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் காலம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இச்சுமையைக் குடும்பம் ஒன்றே சுமக்க இயலாது. அண்டை மாநிலத்து மலப்புறத்தைப் பாருங்கள். தீரா நோயாளிகளையும் படுக்கையில் உள்ளோரையும் வீடு தேடிச் சென்று கவனிக்கும் அக்கம்பக்கத்தார் வலையமைப்பு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வேரூன்றியது. மருத்துவரும் செவிலியரும் உண்டு. ஆயினும் அதன் உயிர்நாடி, வாரத்தில் சில மணி நேரத்தைத் தருகின்ற சாதாரண ஊர் மக்களே. சிறு சிறு தொகையாக ஊரே நிதி திரட்டியது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

நம் ஜமாஅத்துகளில் இது இயலாதா? ஜனாஸாவுக்குத் தெருவே திரள்கின்றோம். அதற்கு முன்னே, படுக்கையில் கிடக்கும் அந்த ஈராண்டுகளில், வாரத்தில் ஓரிரவு சென்று, பார்த்துக்கொள்ளும் பெண்ணை உறங்கச் செய்ய நால்வர் வேண்டும். நால்வர் போதும்.

நிறைவாக...

சகோதரிகளே! எங்கள் தெருவில் இப்போது வியாழக்கிழமைதோறும் அஸருக்குப் பின் ஐந்தாறு மூதாட்டியர் என் முற்றத்தில் கூடுகின்றோம். ஒருவர் கம்பளி, ஒருவர் குரோஷா, ஒருவர் கிழிந்த தலையணை உறை தைப்பார், ஒருவர் வெறுமனே வெற்றிலை மடிப்பார். எவராவது வராவிட்டால் மற்றொருவர் முடுக்கு வழியே சென்று பார்த்துவிட்டு வரவேண்டும். அதுவே எங்கள் சங்கத்தின் ஒரே சட்டம்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தவுடன் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் மூத்தவரானால், உங்கள் விருப்பத்தை எழுதுங்கள். நீங்கள் இளையவரானால், உங்கள் உம்மாவிடம் சென்று, “உங்களுக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் உம்மா?” என்று கேளுங்கள். அவர் பேச்சை மாற்றுவார். மறுபடியும் கேளுங்கள்.

பேரனின் ஸ்வெட்டரில் இனி ஒரு கை மட்டுமே பாக்கி. இன்ஷா அல்லாஹ், குளிர்காலத்துக்குள் முடித்துவிடுவேன். நூல் உருண்டை இப்போது தரையில் இல்லை. மூடியுள்ள ஓலைப் பெட்டிக்குள் இருக்கின்றது.

எவர்க்கும் பாரமாகாத முதுமையையும், பாரமாக நேர்ந்தால் சுமப்போரின் தோளுக்கு வலிமையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.